காலையில் வைக்கும் முதல் அடி

கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நொண்டினால் வலி அடங்கிவிடும். அப்படி அடங்கிவிடுவதாலேயே இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டேன். அப்புறம் உட்கார்ந்து எழும்போதெல்லாம் குத்த ஆரம்பித்தது.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில் சின்ன முள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் பட்டையில்தான் கோளாறாம்; பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்றார். தூங்கும்போது இறுகிக் கிடக்கும் பட்டைமேல் எழுந்தவுடன் முழு எடையும் ஏறினால் வலிக்காமல் என்ன செய்யும்?

இப்போது இறங்குவதற்கு முன்பே, உட்கார்ந்தபடி வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போட்டுக்கொள்கிறேன். கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக வளைத்து 10 எண்ணுவேன். அந்த நேரம் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை நாண் போல விறைத்து நிற்பது விரலுக்குத் தெரியும். இப்படி 10 முறை, நாளைக்கு 3 வேளை. கூடவே சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலையும் நீட்டுவேன். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புதான்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். எனக்கு முழுதாகச் சரியாக ஏழு மாதம் ஆனது. ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் குறைக்கும். ஆனால் பட்டை கிழியவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு என்பதால் நான் போட்டுக்கொள்ளவில்லை.

பதில்:

எனக்குக் கணுக்கால். படியில் கால் பிரண்டு வெளிப்பக்கம் முட்டை அளவு வீங்கிவிட்டது. நான்கு அடி நடக்க முடிகிறதா என்று மருத்துவர் கேட்டார், கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்திப் பார்த்தார். முறிவு இல்லை, சுளுக்குத்தான். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டதென்று இருந்தேன். மூன்று மாதத்தில் அதே கால் மறுபடி பிரண்டது. சுளுக்கினால் காலின் சமநிலையும் தளர்ந்துபோகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன். முதல் நாள் 8 நொடிகூடத் தாங்கவில்லை, இப்போது 30 நொடி ஆடாமல் நிற்கிறேன்.

பதில்:

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பாதம் மரத்துப்போயிருந்தாலோ, சிவந்து சூடாக வீங்கியிருந்தாலோ, வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். என் அப்பா அப்படித்தான் இருந்தார். உள்ளங்காலில் புண் இருந்தது அவருக்கே தெரியவில்லை, தரையில் ஈரத்தடம் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.