நாத்திகரும் சுயசிந்தனையாளரும் ஒன்றா? நீங்கள் சந்தித்த மனிதர்களைச் சொல்லுங்கள்

கடலூர்க்காரர்:
எங்கள் பெரியப்பா இளவயதிலிருந்தே கறுப்புச் சட்டைக்காரர். மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம், அதுவும் ராகு காலத்தில் நடத்திக் காட்டினார். அந்தத் துணிச்சல்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. போன வருடம் மூட்டுவலிக்கென்று செம்புக் காப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். உள்பக்கம் இரண்டு காந்தத் துண்டுகள். "இதனால வலி போகும்னு யார் சொன்னா பெரியப்பா?" என்று கேட்டேன். "நம்ம தோழர்தாம்ப்பா கொடுத்தார், அவர் தப்பாச் சொல்ல மாட்டார்." கடவுளை எப்போதோ விட்டவர்; நம்ம ஆள் சொன்னால் போதும் என்பதை விடவில்லை. கடவுள் உண்டா என்ற ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில்தான் நாத்திகம். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பது சுயசிந்தனை. முதலாவது இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடுவதில்லை.

வடலூர்ப் பக்கத்து வாசகி:
நான் பார்த்தவர் இதற்கு நேர்மாறு. எங்கள் தெருவில் ஒரு சன்மார்க்க அன்பர். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைக்குத் தவறாமல் அரிசி கொடுப்பவர். மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள விரும்பியபோது சொந்தக்காரர்கள் சாஸ்திரம், சம்பிரதாயம் என்று வரிசையாக வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவரிடமும், "காரணம் சொல்லுங்க, எழுதி வச்சிருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். யாரிடமும் காரணம் இல்லை, கல்யாணம் நடந்தது. 1874-இல் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் ஜோதியில் கலந்தது நிஜமா என்று கேட்டேன். "நான் நம்பறேம்மா. நீ படிச்சுப் பார்த்து உனக்குச் சரின்னு தோணுறதை வச்சுக்க" என்றார். தாமஸ் பெயின் என்ற ஆங்கில எழுத்தாளரும் இந்த ரகம்தானே? ஒரே கடவுளை நம்பிக்கொண்டே 1794-இல் பைபிளைக் கேள்வி கேட்டு எழுதினார். அவரையும் நாத்திகர் என்றே ஏசினார்கள்.

மதுரைக்காரர்:
இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வேதியியல் ஆசிரியர் வெளிப்படையான நாத்திகர். அவருக்குப் பிடிக்கும் என்று ஒரு பையன் கட்டுரையைக் 'கடவுள் இல்லவே இல்லை' என்று முடித்திருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: "இது நான் சொன்னது. நீ எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?" மதிப்பெண் போடவில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே என்று பெரியாரும் மேடைக்கு மேடை சொன்னாரே, அதுதான். திருப்பி எழுதும்போது அவன் 'எனக்கு இன்னும் தெரியவில்லை' என்று முடித்து, ஏன் என்றும் இரண்டு பத்தி எழுதினான். அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. நம் கூட்டங்களில் 'தெரியவில்லை' என்று எழுந்து சொல்பவரை உட்காரச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் தீராத வருத்தம்.