சங்கமும் முழங்காலும்

சித்தி: (முன்னனுப்பியது) திருச்சபை ஆயர்கள் கூடிய பொதுச்சங்கங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் தவறாதது. மறுப்பவர் கத்தோலிக்கரே அல்ல 🙏

பெரியப்பா: அப்படியானால் இந்தக் குழுவில் கத்தோலிக்கர் ஒருவரும் இல்லை.

சித்தி: என்ன அத்தான் இப்படிச் சொல்கிறீர்கள்!

பெரியப்பா: 325இல் நீசேயா சங்கம் போட்ட 20ஆம் சட்டம்: ஞாயிற்றுக்கிழமையும் பாஸ்காவின் (ஈஸ்டர் முதல்) 50 நாளும் நின்றுதான் செபிக்க வேண்டும், முழங்கால் போடக் கூடாது. போன ஞாயிறு பூசையில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது நீ எப்படி இருந்தாய்?

சித்தி: முழங்காலில் 🙈

ராபின்: பாட்டியும்தான். வலியோடு.

அனிதா: பெரியப்பா, 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று எழுதியதும் அதே சங்கம்தானே? அதையும் மாற்றலாமா?

பெரியப்பா: அது முடியாதும்மா. அங்கே, இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸுக்கு எதிராக விசுவாசத்தையே வரையறுத்தார்கள், மறுப்பவருக்குச் சாபமும் சேர்த்து. முழங்கால் ஒழுங்குச் சட்டம், காலத்தோடு மாறும். தவறா வரம், அதாவது பிழை வராது என்ற உறுதி, வரையறைக்குத்தான். அதற்குச் சொன்ன வாதங்களுக்குக்கூடக் கிடையாது.

ராபின்: ஆயர்கள் கூடி முடிவெடுத்தால் போதும், இல்லையா?

பெரியப்பா: போதாது. 449இல் எபேசில் கூடினார்கள். திருத்தந்தை பெரிய லியோ அதைக் கொள்ளையர் கூட்டம் என்றார், 451இல் கல்செதோன் சங்கம் அதைத் தள்ளியது. சரி, கான்ஸ்தாந்திநோபிளுக்கு உரோமைக்கு அடுத்த இடம் தந்த அந்தக் கல்செதோனின் 28ஆம் சட்டத்தையாவது லியோ ஏற்றாரா? இல்லை! ஆனால் 381 கான்ஸ்தாந்திநோபிளைப் பார். வந்தவர்கள் கிழக்கத்திய ஆயர்கள் மட்டும், திருத்தந்தையின் தூதர்கூட இல்லை. பிற்பாடு திருச்சபை ஏற்றுக்கொண்டதால் இன்று 21 சங்கங்களில் இரண்டாவது அதுதான்.

ராபின்: கூட்டத்துக்கு ஆள் வராமலே பொதுச்சங்கமா 😄

அனிதா: 1962-65இல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம்?

பெரியப்பா: தவறா வரத்தின் முத்திரையோடு புதுக் கோட்பாடு எதையும் அது அறிவிக்கவில்லை என்று திருத்தந்தை 6ஆம் பவுலே 1966 ஜனவரியில் சொன்னார்.

சித்தி: அப்போ அதைக் கண்டுகொள்ள வேண்டாமா?

பெரியப்பா: இங்கேதான் ஆளாளுக்குச் சறுக்குகிறார்கள். பணிந்து ஏற்க வேண்டிய போதனை என்று அவரே கூடவே சொன்னாரே. முத்திரை இல்லை என்றால் 'பிடித்தால் கேள்' என்று அர்த்தமில்லை.

சித்தி: சரி அத்தான், வருகிற ஞாயிறு நிற்கவா, முழங்கால் போடவா?

பெரியப்பா: கோவிலில் எல்லோரும் செய்வதைச் செய்.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராபின்: சித்தி, அந்த முதல் செய்தியையே அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்பியம் குழுவிலும் போட்டீர்களே, அங்கே 14 பேர் ஆமென் சொல்லிவிட்டார்கள்.