'பவுண்ட் ஃபார் பவுண்ட்': எடைசாரா வரிசை என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். குத்துச்சண்டையில், எடைப்பிரிவைப் பார்க்காமல் திறமையை மட்டும் வைத்து வீரர்களை ஒப்பிடுவதை 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' (pound for pound) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். 'பவுண்டுக்குப் பவுண்டு', 'எடைக்கு எடை' இரண்டுக்கும்தான் இதுவரை ஆதரவு அதிகம். இரண்டையும் எங்கள் சேலத்தில் சொல்லிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் 'எடைக்கு எடை' என்றால் பழைய வெள்ளியைக் கொடுத்துவிட்டு அதே எடைக்குப் புதுக் கொலுசு வாங்குவதுதான் நினைவுக்கு வரும். பவுண்டு என்பது பாதிப் பேர் காதில் பவுன் என்று விழுகிறது. பயிற்சிக்கு வரும் பையன்கள் தங்கள் பிரிவையே 48 கிலோ, 51 கிலோ என்றுதான் சொல்கிறார்கள், அவர்களுக்குப் பவுண்டு எதற்கு?

இன்னொரு பரிந்துரையான 'எடைநிகர்' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை நிகரானவர்கள் என்றால் ஒரே எடைக்காரர்கள் என்று ஆகிவிடும், நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர். ஐம்பது கிலோக்காரரையும் நூறு கிலோக்காரரையும் ஒரே வரிசையில் வைத்து, உடம்பின் அளவை ஒதுக்கிவிட்டால் இவர்களில் யார் கெட்டிக்காரர் என்று கேட்பதுதான் அந்தத் தொடர். வெள்ளியில் டச் பார்ப்பது மாதிரி: கட்டி எத்தனை கிலோ என்பது வேறு, அதில் சுத்த வெள்ளி எவ்வளவு என்பது வேறு.

அதனால் என் பரிந்துரை 'எடைசாரா'. அரசுசாரா அமைப்பு என்று தினமும் படிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எடைசாரா வரிசை, எடைசாரா ஒப்பீடு, எடைசாரா முதலிடம் என்று நீட்டிக்கொள்ளலாம். உக்ரைன் ஹெவிவெயிட் வீரர் உசிக்கைப் பற்றி 'எடைசாரா வரிசையில் உசிக் முதலிடம்' என்று தலைப்புப் போட்டால் உறுத்தவில்லை.

அப்படியானால் எடை ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்பீர்கள். பொருட்டாக இருப்பதால்தான் அதை ஒதுக்கி வைத்துப் பார்க்கிறோம். 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' என்ற தொடர் பெரிதாகப் புழங்கியதே அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சனைப் பற்றிப் பேசும்போதுதான். 1952 ஜூன் 25 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் அவர் லைட் ஹெவிவெயிட் என்ற கனமான எடைப்பிரிவின் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமோடு மோதினார். ராபின்சன் சுமார் 71 கிலோ, மாக்சிம் 78 கிலோவுக்கு மேல். வளையத்துக்குள் வெயில்காலப் புழுக்கம் 40 டிகிரியை ஒட்டி, நம் ஊர்ச் சித்திரை மாதிரி. நடுவரே பத்தாவது சுற்றோடு தாங்க முடியாமல் இறங்கிவிட, வேறொருவர் ஏறினார். நடுவர்கள் மூவரின் மதிப்பெண் அட்டையிலும் ராபின்சன்தான் முன்னிலை. பதின்மூன்றாவது சுற்றில் ஓங்கி வீசிய குத்து தவறி அவரே குப்புற விழுந்தார், பதினான்காவதுக்கு எழுந்து வர முடியவில்லை. ஏடுகளில் அது தோல்வி. எடைசாரா ஒப்பீட்டில் அந்தப் பதின்மூன்று சுற்றும் அவர் பெருமைக்கே சேரும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிடுவதையும் இதே சொல்லில் அடைக்க வேண்டாம். அதற்கு 'காலங்கடந்த' என்ற சொல் வேண்டவே வேண்டாம், தாமதமாக வந்தவர் என்று அர்த்தமாகிவிடும். எடையை ஒதுக்கலாம், காலத்தை அப்படி ஒதுக்க வழியில்லை. 1938-இல் அமெரிக்க வீரர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஃபெதர், லைட், வெல்டர் என்ற மூன்று எடைப்பிரிவுப் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார், அன்று இருந்ததே எட்டுப் பிரிவுதான். பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் 1998-இல் ஃப்ளைவெயிட் என்ற மிக இலகுவான பிரிவில் தொடங்கி 2010-க்குள் எட்டுப் பிரிவுகளில் பட்டம் எடுத்தது மலைக்க வைக்கும் சாதனை, ஆனால் இப்போது பிரிவுகள் இரட்டிப்புக்கும் மேல், ஒவ்வொன்றிலும் பட்டம் தரும் பெரிய அமைப்புகள் நான்கு. அன்று சண்டை நாளிலேயே எடை பார்த்தார்கள், இன்று முதல்நாள் பார்த்துவிட்டு ஒரே இரவில் சில கிலோ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எடை என்று நாம் எழுதும் எண்ணே காலத்துக்குக் காலம் வேறு. ஆகவே அதற்குத் தனியாகத் 'தலைமுறை ஒப்பீடு' போதும்.

'எடைநிகர்' பக்கம் நிற்கிறவர்கள் ராபின்சன்–மாக்சிம் சண்டையை அந்தச் சொல்லை வைத்து ஒரே வரியில் எழுதிக் காட்டுங்கள். பொருள் குழம்பாமல் வந்தால் என் பரிந்துரையை விட்டுவிடுகிறேன்.