மறு: அமைச்சரின் பொறுப்புக்குக் கலைச்சொல் – 'விடைப்பொறுப்பு', 'ஈடுசெய்பொறுப்பு'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'பொறுப்புக்கூறல்' என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?

அமைச்சர் தன் முடிவுக்கு விடை சொல்லும் கடமைக்கும், அதனால் வந்த இழப்பை ஈடுசெய்யும் கடமைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் தேடும் இந்த இழையில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. அதற்கே முதலில் வருகிறேன்.

இலங்கையில் 'பொறுப்புக்கூறல்' இன்று வெறும் பொதுச்சொல் அல்ல. 2009க்குப் பிறகு அது போரின் இறுதிக்கட்டத்தோடும், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடும், ஜெனீவாவோடும் சேர்ந்தே காதில் விழுகிறது. அங்குள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2015 ஒக்டோபரில் நிறைவேற்றிய 30/1 தீர்மானத்தின் தலைப்பிலேயே நல்லிணக்கத்துக்கும் மனித உரிமைகளுக்கும் நடுவே அது நிற்கிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளையின் படத்தோடு தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் அந்தச் சொல்லை அன்றாடம் பேசுகிறார்கள். மருந்துக் கொள்வனவு முறைகேட்டுக்கும் காணி ஒதுக்கீட்டுக்கும் அதையே எடுத்துப் போட்டால் அவர்களுடைய சொல் நீர்த்துப்போகும். நிருவாகத் தீர்மானம் பற்றிய கேள்வியும் கூர்மையாக வந்து விழாது. ஆகவே அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கூறல்' என்றால் சொல்வது. சபையில் எழுந்து "பொறுப்பை ஏற்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால் சொல்லின் கணக்குப்படி காரியம் முடிந்துவிட்டது. எங்களுக்கு வேண்டிய கருத்துகளோ இரண்டு. ஏன் இப்படிச் செய்தாய், ஏன் செய்யாமல் விட்டாய் என்று கேட்டால் விடை தரக் கடமைப்பட்டிருப்பது ஒன்று. அதனால் பிறருக்கு வந்த இழப்பைத் தன் தலையில் சுமப்பது மற்றது.

கொழும்பில் மும்மொழி ஆவணங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். சிங்களத்தில் 'வககீம' (கடமையைச் சுமப்பது) ஒன்று, 'வகவீம' (அதற்கு விடை சொல்வது) இன்னொன்று. இரண்டையும் வேறுபடுத்தியே எழுதுகிறார்கள். தமிழ்ப் பத்தியில் பல இடங்களில் இரண்டுக்கும் 'பொறுப்பு' என்றே விழுகிறது. வாசிக்கிற தமிழருக்கு அந்த வேறுபாடு போய்ச் சேருவதே இல்லை.

நீதிமன்றங்கள் இந்த இரண்டையும் ஏற்கெனவே பிரித்துவிட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எங்கள் உயர் நீதிமன்றம் உங்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம். உங்கள் உயர் நீதிமன்றத்தோடு ஒப்பிட வேண்டாம். எங்களிடம் மேல் நீதிமன்றம் என்பது வேறு.) முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பொலிஸ் மா அதிபராக இருந்தவருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்தவருக்கும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்தவருக்கு 5 கோடி, தேசிய புலனாய்வின் தலைவராக இருந்தவருக்கு 1 கோடி. எச்சரிக்கை கிடைத்தும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கு இந்தத் தொகைகள். தாக்குதல் நடந்தபோது சிறிசேன ஜனாதிபதி மட்டுமல்ல, பாதுகாப்பு அமைச்சரும் அவரே. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உறவுகளை இழந்தவர்கள் அந்தச் செய்தியைத் தமிழில் வாசித்தபோது, 'பொறுப்புக்கூற வேண்டும் என உத்தரவு' என்ற வகையான வரிதான் அவர்களுக்குக் கிடைத்தது. நீதிமன்றம் சொன்னது அதுவல்ல. சொந்தக் கையால் ஈடுசெய் என்று சொன்னது.

2023 நவம்பர் 14 தீர்ப்பை அருகில் வைத்துப் பாருங்கள். பொருளாதார நெருக்கடி வழக்கு அது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷக்களும் மத்திய வங்கி, திறைசேரி உயர் பதவிகளில் இருந்த சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐவரில் நால்வர் தீர்மானித்தார்கள். மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவில்லை. வழக்குச் செலவாக 1,50,000 ரூபா மட்டும் கொடுக்கும்படி கட்டளை வந்தது. மீறல் நிறுவப்பட்டது, ஈடு இல்லை. ஒரே சொல்லால் இந்த இரண்டு தீர்ப்புகளையும் எப்படி எழுதுவது?

அக்கா ஒருவர் (கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் வழக்காடுகிறவர்) இப்படி எழுதியிருந்தார்:

> அமைச்சரவைக்கு அரசியலமைப்பு சொல்வது கூட்டுப்பொறுப்பு. தனி அமைச்சரின் பொறுப்பு மரபாக வந்ததே தவிர எழுத்தில் இல்லை. இல்லாததற்குப் பெயர் வைத்து என்ன பயன்?

அக்கா சொல்வதில் பாதி முழு உண்மை. பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்பதே எழுத்தில் உள்ளது. ஆனால் அரசியலமைப்பின் 52ஆம் உறுப்புரையைப் பாருங்கள். அமைச்சின் செயலாளர் திணைக்களங்களை மேற்பார்வை செய்வது அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமைந்து. பணிப்பும் கட்டுப்பாடும் தனி ஒருவர் கையில் இருக்கும்போது, விடை சொல்லும் கடமை மட்டும் எப்படிக் கூட்டத்தில் கரையும்? தவறு நடந்தால் பாராளுமன்றத்தின் கோப் (பொது முயற்சியாண்மைகள்), கோபா (அரசாங்கக் கணக்குகள்) குழுக்களின் முன் வந்து வியர்ப்பவர் பெரும்பாலும் செயலாளரும் கூட்டுத்தாபனத் தலைவரும்தான். பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர், அதாவது அமைச்சின் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர், செயலாளர் என்பதால் அப்படி. இதனாலேயே இழையில் வந்த 'கணக்கொப்பிப்பு' எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல் கேள்வியை அமைச்சரின் மேசையிலிருந்து செயலாளரின் மேசைக்குத் தள்ளிவிடும்.

தமிழர்களுக்கு இதில் மிக நெருங்கிய உதாரணம் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 9ஆம் பிரிவின்படி ஒருவரைத் தடுத்து வைக்கும் கட்டளையை நீதவான் பிறப்பிப்பதில்லை, அமைச்சர் பிறப்பிக்கிறார். தடவைக்கு மூன்று மாதம், நீடித்து நீடித்து 18 மாதம் வரை. 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம் வரை. அமைச்சருக்குச் 'சந்தேகிக்கக் காரணம்' இருந்தால் போதும். பிறகு அப்படித் தடுத்துவைக்கப்பட்ட பிள்ளை குற்றச்சாட்டு எதுவுமின்றி வெளியே வந்தால், என்ன காரணத்தைக் கண்டு கையொப்பமிட்டீர்கள் என்ற கேள்வி யாருக்குப் போகிறது? கைதுசெய்த பொலிஸ் அதிகாரிக்குப் போகிறது, தடுத்துவைத்த நிலையத்துக்குப் போகிறது. கையொப்பமிட்டவருக்குப் போவதில்லை. இந்த இடத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்றுதான் நான் இழையையே தொடங்கினேன்.

மன்னிப்பும் இப்படித்தான். மரண தண்டனைக் கைதிக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்குமுன் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை ஆகியவற்றை அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை கேட்கிறது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் 2020 மார்ச்சில் மன்னிக்கப்பட்டு வெளியே போனார். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கையொப்பம் ஜனாதிபதியுடையது, சரி. வழியில் நிற்கும் நீதி அமைச்சர் என்ன பரிந்துரைத்தார், எந்தக் காரணத்தால்? அதை வெளியில் சொல்ல அவர் கடமைப்பட்டவர் என்பதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடிய வேண்டும்.

இனி, இழையில் நீங்கள் முன்வைத்த சொற்கள்.

> 1956 அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினாரே, அதுதான் இலக்கணம். 'பொறுப்பேற்பு' என்று வையுங்கள்.

சென்னை அண்ணாவுக்கு: அரியலூரை நாங்களும் மறக்கவில்லை. ஆனால் அது ஒரு மனிதரின் பண்பு. அந்தப் பண்பு இல்லாதவரையும் கட்டுப்படுத்துவதற்குத்தான் எங்களுக்குச் சொல் தேவை. தவிர, எங்கள் பத்திரிகைகளில் 'அமைச்சர் கடமைகளைப் பொறுப்பேற்றார்' என்பது பதவியின் முதல் நாள் செய்தி, வெற்றிலை வைத்து விளக்கேற்றும் படத்தோடு. கடைசி நாளுக்கும் அதே சொல் ஒத்துவராது. விலகலே எல்லாவற்றையும் முடிப்பதுமில்லை. மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் 2017 ஓகஸ்டில் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய ரவி கருணாநாயக்க 2018 டிசம்பரில் மீண்டும் அமைச்சரவையில் இருந்தார்.

'வகைகூறல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். "இதுக்கு நீதான் வகைசொல்ல வேணும்" என்று வீட்டிலேயே பேசுகிறோம். சிங்களத்தின் 'வக'வோடும் ஒலியிலும் பொருளிலும் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் இன்றைய பள்ளிப் பிள்ளைக்கு வகை என்றால் இனம், பிரிவு. 'வகைப்பொறுப்பு' என்று தலைப்பில் போட்டால் ஏதோ ஒரு வகைப் பொறுப்பு என்றே வாசிப்பார்கள். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன். யாராவது வாதாடி மீட்டுத் தந்தால் மகிழ்வேன்.

'பதிற்பொறுப்பு' என்றொருவர் தந்தார். எங்களிடம் பதில் அமைச்சர், பதில் நீதவான் எல்லாம் இருக்கிறார்கள். இன்னொருவருக்காகத் தற்காலிகமாகக் கடமை பார்ப்பவர்கள். அந்தச் சொல் அவர்கள் தலையில் போய் விழும்.

'விடைப்பொறுப்பு' அப்படித் தடுமாறாது. பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட்டிலேயே 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்ற தலைப்பு இருக்கிறது. சபைக்குப் பழகிய சொல். விடைபெறுதல் என்ற பொருளும் வருமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 'பொறுப்பு' என்ற பின்னொட்டோடு சேரும்போது அந்த மயக்கம் எழுவதாக எனக்குப் படவில்லை.

இரண்டாவது கருத்தான, இழப்பைத் தன் தலையில் சுமப்பதற்கு யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா முன்வைத்தது 'ஈட்டுப்பொறுப்பு'. நட்டஈடு, இழப்பீடு இரண்டிலும் உள்ள ஈடு என்பதால் பொருத்தமானது. வணிகக்கல்வி படித்த பிள்ளைகளுக்கு ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில்) சொத்துக்கு எதிரே வருவது பொறுப்பு, தீர்த்தே ஆகவேண்டியது. அந்த வாசனையும் உதவுகிறது. ஆனால் புதுக்கடை அக்காவின் மறுப்பு வலுவானது: எங்கள் சட்டத்தமிழில் ஈடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணியை ஈடு (அடமானம்) வைப்பது. வழக்கறிஞர்கள் நிச்சயம் குழம்புவார்கள். ஆகவே 'ஈடுசெய்பொறுப்பு' என்று வினைத்தொகையாக வைப்பதை நான் ஆதரிக்கிறேன். நீதிமன்றச் செய்தி எழுதும் ஒருவர் யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"தடுப்புக்காவல் கட்டளைக்கான விடைப்பொறுப்பு கையொப்பமிட்ட அமைச்சருடையது."

"அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு தனி அமைச்சரின் விடைப்பொறுப்பை நீக்காது."

"பதவி முடிந்தபின்னும் முன்னாள் ஜனாதிபதியின் ஈடுசெய்பொறுப்பு தொடர்கிறது."

மூன்றாவது வாக்கியம் கற்பனை அல்ல. பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் காணி வழக்கில் 2008இல் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த உத்தரவானபோது அவர் பதவியில் இல்லை.

ஒரு சோதனையில் மட்டும் எனக்கு நிறைவில்லை. தரமற்ற மருந்து விவகாரத்தில் 2023 செப்டெம்பரில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை தோற்றது. ஒக்டோபரில் அவர் சுற்றாடல் அமைச்சுக்கு மாற்றப்பட்டார். 2024 பெப்ரவரியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரைக் கைதுசெய்தது. குற்றம் செய்தாரா என்பது நீதிமன்றத்தின் விடயம், அதற்குள் நான் போகவில்லை. பிரேரணையில் சபை கேட்டது விடைப்பொறுப்பு. வழக்கு, குற்றப்பொறுப்பு. நடுவில் ஒக்டோபரில் நடந்த அந்த அமைச்சு மாற்றத்தை என்னவென்று எழுதுவது? விடையும் வராமல், ஈடும் வராமல், பதவியும் போகாமல் ஆள் மட்டும் நகர்ந்துபோவதற்கு இங்கே பெயர் இல்லை. 'இடமாற்றம்' என்றால் ஆசிரியர் இடமாற்றம் போல ஒலிக்கிறது.

அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் அனுப்புங்கள். மற்ற இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் உங்கள் சொல்லை ஒரு பத்திரிகைத் தலைப்பிலும் ஒரு சட்டப்பிரிவிலும் வைத்து எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாக வேண்டாம். சந்தியில் 'விடைப்பொறுப்பு'க்கு வல்லினம் மிகும், 'ஈடுசெய்பொறுப்பு'க்கு மிகாது. கலைச்சொற் பட்டியலில் ஏற்றும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து