மறு: கியூ.ரி. தொட்டிக்குத் தமிழ் – ‘பார்த்திருப்பு’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம். கியூ.ரி. (குவாரன்டைன் ராங்க்) தொட்டிக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழு உரையாடலில் ஒருவர் கேட்டது இது:

> புதிதாக வாங்கும் கடல்மீனைச் சில கிழமை வேறாக வைக்கும் தொட்டிக்கு ‘தனிமைப்படுத்தல் தொட்டி’ என்றே எழுதலாமே. 2020இலிருந்து எல்லோருக்கும் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான். ஆனால் அந்த நாட்களில் அதே சொல்லால் இரண்டு காரியங்களைச் சொன்னோம். காய்ச்சல் கண்டவரை அறையில் வேறாக விட்டதும் தனிமைப்படுத்தல். விமானத்தால் இறங்கிய, ஒரு குணங்குறியும் இல்லாதவரை 14 நாள் விடுதியில் வைத்ததும் தனிமைப்படுத்தல். மனிதருக்கு அது எப்படியோ ஓடிவிட்டது. கடல்மீன் வளர்ப்பவருக்கு ஓடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் நான்கு மீன்களைப் பறிகொடுத்தேன்.

ஏழு கிழமைக்கு முன் காலி வீதிக் கடையொன்றில் பவுடர் புளூ ஒன்று வாங்கினேன். நம்முடைய கடலிலேயே பிடிபடும் மீன்; வெள்ளைப்புள்ளி மிக எளிதில் தொற்றும் மீனும் அதுதான். கடையில் நன்றாகத்தான் நின்றது, கடைக்காரரிலும் பிழை சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து நேரே பெரிய தொட்டியில் விட்டேன். நான்காம் நாள் பின்னேரம் செட்டைகளில் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள். பவளக்கல்லில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தது. அம்மா கண்ணாடிக்குக் கிட்ட வந்து பார்த்துவிட்டு, “பிள்ளை, மீனுக்கு அம்மாள் வந்திருக்குப் போலக் கிடக்கு. புறம்பா எடுத்து வை” என்றார். நான் எடுக்கவில்லை. ஏழாம் நாள் காலையில் ஒரு புள்ளிகூட இல்லை. மாறிவிட்டது என்று நம்பினேன்.

மாறவில்லை, இறங்கியிருந்தது. இந்த வெள்ளைப்புள்ளியைக் கொண்டுவரும் கிரிப்டோகேரியன் என்பது பிசிர் கொண்ட ஒரு தனிக்கல ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கும் பூக்களுக்கும் (செவுள்களுக்கும்) உள்ளே புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு, பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்கிக் கல்லிலும் மணலிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் பிளந்து பிளந்து பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக நீந்தி வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் அகப்படாவிட்டால் அவை சாகும். அகப்பட்டால் இரண்டாம் அலை. என் தொட்டியில் இரண்டாம் அலை பூக்களுக்குள் போனது. மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்த மீன்களை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த நிலைகளின் பெயர்களை ‘தெரோன்ட், ட்ரோஃபோன்ட், டோமோன்ட்’ என்று ஒலிபெயர்த்து விட்டுவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தமிழில் இடம் தயாராக இருக்கிறது. ஒட்டுண்ணி என்ற சொல்லிலேயே உண்ணி இருக்கிறது. மாட்டில் ஒட்டியிருப்பதும் உண்ணிதான். மீனில் ஏறித் தின்னும் நிலை உண்ணி. கூட்டுக்குள் பிளந்து பெருகும் நிலை பிளவி. மீனைத் தேடி நீந்தும் நிலை தேடி. கிரேக்க வேர்களும் வேட்டை, உணவு, வெட்டு என்ற இதே கருத்துகளில்தான் நிற்கின்றன. இதற்கு மருந்தாக ஊற்றும் செம்பைப் பற்றி, ‘செம்பு தேடியைக் கொல்லும், உண்ணியையும் பிளவியையும் தொடாது’ என்று எழுதினால், மருந்து ஊற்றிய மூன்றாம் நாளே ஏன் நிறுத்தக் கூடாது என்பது புதியவருக்கும் விளங்கும்.

‘வெண்புள்ளி நோய்’ என்ற பெயரிலும் எனக்குத் தயக்கம் உண்டு. புத்தளத்து இறால் பண்ணைக்காரருக்கு அது ஒரு வைரசு நோய். நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளியும் வேறொரு உயிரால் வருவது. ‘கடல்மீன் வெண்புள்ளி’ என்று முழுதாக எழுதுவோம், நீளம் பாதகமில்லை.

இனித் தலைப்புச் சொல்லுக்கு வருகிறேன். வெள்ளவத்தை ஐயா ‘தடுப்புத் தொட்டி’ என்று எழுதியிருந்தார். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் கொழும்பில் இருக்கும் தமிழர் காதில் ‘தடுப்பு’ என்றால் முதலில் விழுவது தடுப்புக்காவலும் தடுப்பு முகாமும். மீன் வளர்க்கும் பிள்ளைகள் சொல்லப்போகும் சொல்லில் அந்தப் பாரம் வேண்டாம். தீட்டைச் சொல்லும் ‘துடக்குத் தொட்டி’யும் வேண்டாம், நாள் கணக்கு ஒத்துவந்தாலும் அந்தச் சொல் மனிதரை ஒதுக்கிய சொல்.

கொட்டாஞ்சேனை அக்காவின் ‘மண்டலத் தொட்டி’யில் இரண்டு நாள் மனம் நின்றது. ‘குவாரன்டைன்’ என்ற ஐரோப்பியச் சொல் நாற்பது என்ற எண்ணில் பிறந்தது. 1377இல் ரகூசா (இன்றைய டுப்ரோவ்னிக்) நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வந்த கப்பல்காரரை 30 நாள் வெளியே நிறுத்தியது. அந்தத் தவணை பின்னர் 40 ஆகி, எண்ணே பெயராகிவிட்டது. நமக்கோ மண்டலம் இருக்கிறது: சித்த வைத்தியர் மருந்துக்குச் சொல்லும் மண்டலம், கும்பாபிஷேகத்துக்குப் பிறகு கோயிலில் 48 நாள் எண்ணும் மண்டலம். அழகான பொருத்தம். ஆனால் வளிமண்டலம், நரம்பு மண்டலம் எல்லாம் படித்த மாணவர் ‘மண்டலத் தொட்டி’யைக் கேட்டால் நாளை நினைக்க மாட்டார்.

ஒரு கலைச்சொல் பெயராக மட்டும் நின்றால் போதாது. வினையாகவும் ஓட வேண்டும், இன்னொரு சொல்லோடு ஒட்டவும் வேண்டும். ஆகவே பார்த்திருப்பு. வழி பார்த்திருந்தாள் என்கிறோமே, அதில் பார்ப்பதும் உண்டு, பொறுத்திருப்பதும் உண்டு. இந்தத் தொட்டியில் நடப்பது அந்த இரண்டும்தான். பார்த்திருப்பில் வைத்தேன், பார்த்திருப்புத் தொட்டி, பார்த்திருப்பு முடிந்தது. ஒன்றாக வாங்கிய மூன்று மீன் ஒரே தொட்டியில் இருக்கலாம், ஆகவே ‘தனி’ இங்கே பொய். வருத்தம் (நோய்) இல்லாத மீனுக்கும் இது உண்டு என்பதையும் சொல் தானே சொல்லிவிடுகிறது.

வருத்தம் கண்ட மீனைப் பிரிப்பதற்கு அம்மாவின் சொல்லே போதும்: புறம்புவைப்பு. அந்தத் தொட்டியில் மணலும் கல்லும் கூடாது, அவை செம்பை உறிஞ்சிவிடும். ஒளிய ஒரு துண்டு பிவிசி குழாய், ஒரு ஸ்பொஞ்ச் வடி போதும். செம்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் தேடி தப்பும், கூடினால் மீனே சாகும். பவளமும் இறாலும் நத்தையும் உள்ள பெரிய தொட்டியில் செம்பு ஊற்றவே கூடாது.

அப்படியானால் பெரிய தொட்டியை என்ன செய்வது? மீன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவளங்களோடு வெறுமனே ஓடவிட வேண்டும். பிந்தி வெடிக்கும் பிளவிகளும் பட்டினியில் முடிய 76 நாள் என்று மீன் வளர்ப்போர் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வயலிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். நம் வயலிலும் சொல் கிடக்கிறது: தரிசு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் வயலைத் தரிசாக விடுகிறோம். ‘தரிசு என்றால் பாழ் என்று கேட்காதா?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வன்னியில் வயல் உள்ள யாரையும் கேட்டுப் பாருங்கள். தரிசு விட்ட வயல் அடுத்த போகத்துக்கு நிற்கும் வயல்.

‘புறம்பு’ இந்தியத் தமிழருக்கும் இதே பொருளில் ஒலிக்குமா என்று அங்குள்ளவர்கள் எழுதுங்கள். ‘பிளவி’யை விடக் குறுகிய சொல் இருந்தாலும் சொல்லுங்கள். புறம்புவைப்பில் இரண்டு மீன் தேறி நன்றாகச் சாப்பிடுகின்றன. பெரிய தொட்டிக்கு இன்று தரிசின் 31ஆம் நாள்.