காலில் வேகம் இருக்கிறது, ஒரே கன்ட்ரோலில் 14 நிமிடம் போய்விட்டது: மாஸ்டர்ஸ் சாம்பியன்ஷிப்புக்கு எப்படித் தயாராவது?

நெடுந்தூரக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது, 15 வருடமாக ஓடுகிறேன். மாரத்தான் 3 மணி 22 நிமிடம், 10 கிலோமீட்டர் 42 நிமிடத்துக்குள். ஓரியண்டீரிங் (மேப்பும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகத் தேடி ஓடும் விளையாட்டு) பழக ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அடுத்த வருடம் மாஸ்டர்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் ஓட வேண்டும் என்று மனம் கிடந்து துடிக்கிறது. அதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

போன ஞாயிறு ஒரு மிடில் (நடுத்தரத் தூர) போட்டி. 5.1 கிலோமீட்டர், 16 கன்ட்ரோல் (கொடியும் எண்ணும் வைத்த இடங்கள்), 1:10,000 மேப். முதல் ஐந்து கன்ட்ரோல் வரை நன்றாகப் போனது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு பெண் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்று பார்த்தேன். பின்னால் வந்த இன்னொருவர், "நான் கூட இருக்கிறேன், நீங்கள் போங்கள்" என்றதும் கிளம்பினேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். ஆறில் பஞ்ச் செய்தவுடன் (வந்து சேர்ந்ததைக் கருவியில் பதிவு செய்தவுடன்) அந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று விரட்டி ஓடினேன்.

ஏழாவது கன்ட்ரோல் அங்கிருந்து 480 மீட்டர்தான். மண்பாதையில் ஓடி, இரண்டாவது வளைவில் விலகி, சரிவில் ஏறும் ஒரு பள்ளத்தின் மேல்முனைக்குப் போக வேண்டும். நான் முதல் வளைவிலேயே விலகிவிட்டேன். அங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது. வழியில் ஒரு பாறை. மேப்பிலும் ஒரு பாறை இருந்ததால், சரியான இடம்தான் என்று நம்பிவிட்டேன். மேல்முனையில் கொடியும் இருந்தது! கொடியின் எண்ணைப் பார்த்தால் 134. என்னுடைய ஏழாவது கன்ட்ரோலின் எண் 143. அதற்கப்புறம் அதே சரிவில் மேலும் கீழுமாக அலைந்தேன். ஆறிலிருந்து ஏழு வரையிலான அந்த ஒரு துண்டுக்கு மட்டும் 18 நிமிடம் 40 விநாடி, அதில் 14 நிமிடம் வீண். மொத்தம் 71 நிமிடம், 17 பேரில் 9-ஆவது இடம். அந்தத் துண்டை மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் மூன்றாவதாக வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் ஏறிய பள்ளம் நேர் வடக்கே போகிறது, போக வேண்டியது வடமேற்கே. இவ்வளவு தெளிவாக இருப்பது ஓடும்போது ஏன் கண்ணில் படவில்லை?

கேள்வி இதுதான்: இன்னும் வேகமாக ஓடப் பயிற்சி செய்வதா, இல்லை ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு மேப்பில் உட்காருவதா? அப்புறம், என் மாதிரி ஆளுக்கு மாஸ்டர்ஸில் பெயர் கொடுக்கத் தகுதி இருக்கிறதா?

---

மேடுபள்ளம்:

தகுதி பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 35 வயதிலிருந்து யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். எலைட் உலக சாம்பியன்ஷிப் மாதிரி தேசிய அணியில் தேர்வாக வேண்டிய அவசியமில்லை. ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் எத்தனை வயது ஆகிறதோ அதுதான் கணக்கு, ஆகவே நீங்கள் பெண்கள் 40 பிரிவு. முதலில் தகுதிச் சுற்று, அதில் வந்த இடத்தைப் பொறுத்து ஏ இறுதிப் போட்டியா, பி-யா என்று பிரிப்பார்கள். பி-யில் ஓடினாலும் அதே காடுதான், அதே தரத்தில் மேப். தயங்காமல் பெயர் கொடுங்கள்.

---

சிவப்புமுள்:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் 22 வருடமாக இதில் ஓடுகிறேன், இப்போது ஆண்கள் 55 பிரிவில். நானும் சாலை ஓட்டத்திலிருந்து வந்தவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெண்ணுக்காக நின்றீர்களே, அது நம் விளையாட்டின் விதி. அடிபட்டவருக்கு உதவுவது எல்லோருக்கும் கடமை. 2009-இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் ரிலேயின் கடைசிச் சுற்றில் ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் மரக்குச்சி குத்தி இறங்கிவிட்டது. பிரான்ஸின் தியரி ஜோர்ஜூ, நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிஹல் ஸ்மோலா மூவரும் பதக்க வாய்ப்பை விட்டுவிட்டு அவருடன் நின்றார்கள். அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது தொலைந்த நேரம் அல்ல. அதைத் திரும்பப் பிடிக்க நினைத்ததில்தான் பன்னிரண்டு, பதினான்கு என்று போயிருக்கிறது.

இப்போது ஏழாவது கன்ட்ரோல். நீங்கள் தவறு நடந்த இடம் முதல் வளைவு என்கிறீர்கள். நான் ஆறாவது கன்ட்ரோல் என்பேன். பஞ்ச் செய்து, பீப் சத்தம் கேட்டு, விளக்கு மின்னியதும் எந்தப் பக்கம் பார்த்து ஓடினீர்கள்? எனக்குத் தெரிந்து, "முதலில் பாதைக்குப் போவோம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்றுதான் ஓடியிருப்பீர்கள். பாதை கிடைத்ததும் கால் தானாக வேகம் எடுத்துவிடும். சாலையில் ஓடிப் பழகியவருக்குப் பாதை என்பது அப்படி. பாதையில் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிட வேகத்தில் ஓடினால் 100 மீட்டருக்கு 30 விநாடி. உங்கள் மேப்பில் அது ஒரு சென்டிமீட்டர். பத்து விநாடி மேப்பைப் பார்க்காமல் விட்டால் மூன்று மில்லிமீட்டர் தாண்டியிருக்கும். இரண்டு வளைவுக்கும் நடுவே மேப்பில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள், புரியும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஏழாவதுக்கான திட்டத்தை ஆறாவதுக்குப் போகும் வழியிலேயே, சுலபமான ஓட்டம் இருக்கும் இடத்தில் போட்டுவிடுவேன். அதையும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போடுவேன். கொடி பள்ளத்தின் மேல்முனையில். சரி, அந்தப் பள்ளத்துக்குள் எங்கிருந்து நுழைவது? இரண்டாவது வளைவிலிருந்து. அது இரண்டாவதுதான் என்று எதை வைத்துத் தெரியும்? முதல் வளைவு வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டாவது இடப்பக்கம், அல்லது நடுவில் ஒரு ஓடை குறுக்கிடுகிறது, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், நடுவில் இருக்கிற எதையும் படிக்க வேண்டாம், முழு வேகத்தில் ஓடலாம். திட்டம் இல்லாமல் ஆறுக்கு வந்துவிட்டேன் என்றால், பஞ்ச் செய்து பத்தடி தள்ளிப் போய் நின்றுவிடுவேன். ஐந்து விநாடி. நிற்பது என்பது ஓட்டக்காரருக்கு உடம்பெல்லாம் கூசுகிற காரியம், எனக்குத் தெரியும். எனக்கு அது பழக மூன்று வருடம் ஆனது.

பாறை விஷயம் இன்னும் முக்கியம். நீங்கள் மேப்பைப் பார்த்துத் தரையில் தேடவில்லை. தரையில் பார்த்ததை மேப்பில் தேடினீர்கள். அப்படித் தேடினால் எங்கேயாவது ஒரு பாறை கிடைக்கத்தான் செய்யும். பாறை சின்ன விஷயம், காட்டில் நூறு இருக்கும். பள்ளம் எந்தத் திசையில் ஏறுகிறது என்பது பெரிய விஷயம், அது பொய் சொல்லாது. பாதையை விட்டு விலகும் அந்த நொடியில் திசைகாட்டி முள்ளைப் பார்த்திருந்தால் போதும். நம் மேப்பில் உள்ள வடக்குக் கோடுகள் காந்த வடக்கைக் காட்டுபவை, எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம். மேப்பைத் திருப்பி முள்ளோடு ஒட்ட வைத்தால், வடமேற்கே போக வேண்டிய பள்ளம் உங்களுக்கு முன்னால் நேர் வடக்கே ஏறிக்கொண்டிருப்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். பாதையிலிருந்து காட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு முறை முள். இதை மட்டும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் 134. எண்ணைச் சரிபார்த்தீர்கள், நல்ல பழக்கம். பஞ்ச் செய்துவிட்டு எட்டுக்கு ஓடியிருந்தால் தகுதி நீக்கம். ஆனால் அந்தக் கொடி உங்களுக்கு ஒரு தகவலும் கொடுத்தது. அது வேறு பிரிவின் கன்ட்ரோல், உங்கள் மேப்பில் அதைக் குறிக்கும் வட்டம் இருக்காது. இருந்தாலும் வெறும் சரிவில் யாரும் கொடி கட்டுவதில்லை. மேப்பில் உள்ள ஏதோ ஒரு அடையாளத்தில்தான் கட்டுவார்கள். ஆக நீங்கள் நின்றது ஒரு பள்ளத்தின் மேல்முனை, அது உங்களுடையது அல்ல. பக்கத்தில் வேறு எந்தப் பள்ளம் இருக்கிறது என்று மேப்பில் பார்த்திருந்தால் ஒன்றுதான் கிடைத்திருக்கும். அதுவும் பிடிபடவில்லை என்றால் உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்புவது. உங்களுக்கு அது பாதை. இறங்க இரண்டு நிமிடம், ஏற மூன்று நிமிடம். 14-க்குப் பதில் 5, 6 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

---

தாவிஓடி:

சிவப்புமுள் அண்ணா சொன்னதில் பெரும்பாலானது எனக்கும் சரி. ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அக்கா கேட்டது ஓட்டமா மேப்பா என்று. படித்தால் மேப் மட்டும் போதும் என்பது மாதிரி வருகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

42 நிமிடப் பத்து கிலோமீட்டர் என்பது சாலைக் கால். காட்டில் ஒவ்வொரு அடியும் வேறு உயரத்தில் விழுகிறது. கிளையைத் தாண்ட வேண்டும், சரிவில் குறுக்காக ஓட வேண்டும். அதற்குப் பழகாத கால் என்ன செய்யும் தெரியுமா? கண்ணைத் தரையிலேயே கட்டிப்போட்டுவிடும். அடி வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினால் மேப்பை எப்போது பார்ப்பது? எனக்கு மேப் வாசிப்பு முன்னேறியதே, வாரம் இரண்டு நாள் பாதை இல்லாத கரடுமுரடான நிலத்தில் ஓட ஆரம்பித்த பிறகுதான். கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டதும் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. உலோக முனை பதித்த ஓரியண்டீரிங் காலணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஈரப் பாறையிலும் விழுந்த மரத்திலும் பயம் போய்விடும்.

இன்னொன்று, மூச்சு வாங்கும்போது மேப் படிப்பதும் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றல்ல. நான் செய்யும் பயிற்சி: பழைய போட்டி மேப்பைக் கையில் வைத்துக்கொண்டு 400 மீட்டர் சுற்றுகளை வேகமாக ஓடுவேன். முதல் 100 மீட்டருக்குள் ஒரு துண்டை மனப்பாடம் செய்ய வேண்டும். மீதி தூரத்தில் மேப்பைப் பார்க்காமல் அதை மனதுக்குள் ஓட வேண்டும், எங்கே திரும்புவது, இடப்பக்கம் என்ன வரும் என்று. சுற்று முடிந்ததும் மேப்பைப் பார்த்துச் சரியா என்று ஒத்துப்பார்ப்பேன். எட்டுச் சுற்று. ஆறாவது சுற்றில் மூளை எப்படி வழுக்குகிறது என்று அப்போது தெரியும்.

---

சிவப்புமுள்:

தம்பி சொல்வது நியாயம். கால் பழகவில்லை என்றால் கண் தரையை விட்டு எழாது என்பது உண்மை. நான் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. இண்டர்வெலை (விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சியை) விட வேண்டாம் சகோதரி, அதில் ஒன்றைத் தம்பி சொன்ன மாதிரி மேப்போடு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தைப் பாதையில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். மற்றபடி என் ஐந்து விநாடியில் மாற்றமில்லை.

---

நெடுந்தூரக்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கடிகாரத்தில் பதிவான தடத்தை மேப்பின் மேல் போட்டுப் பார்த்தேன். ஆறாவது கன்ட்ரோலில் நான் நின்ற நேரம் மூன்று விநாடி. கொடியிலிருந்து வெளியேறிய கோடு முதலில் தெற்கே போய், 40 மீட்டர் தள்ளி வளைந்து பாதைக்கு வருகிறது. அதாவது வந்த வழியிலேயே திரும்பி ஓடியிருக்கிறேன்! அண்ணா சொன்னது அப்படியே. இரண்டு வளைவுக்கும் நடுவே மேப்பில் 9 மில்லிமீட்டர். 90 மீட்டர், 27 விநாடி. நடுவில் ஒரு ஓடை குறுக்கிடுவதும் நீலக் கோடாக இருக்கிறது. அந்த ஓடையை நான் தாண்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே காட்டுக்குப் போய் ஆறிலிருந்து ஏழுக்கு நடந்து பார்க்கப் போகிறேன். போட்டி முடிந்துவிட்டதால் தடை எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி. மாஸ்டர்ஸில் ஸ்பிரிண்டும் (குறுந்தூர வேகப் போட்டி) இருக்கிறதே. நான் ஒரே ஒரு ஸ்பிரிண்ட்தான் ஓடியிருக்கிறேன். வேகம் இருப்பதால் அது எனக்குச் சுலபமாக இருக்குமா?

---

தாவிஓடி:

வேகம் உதவும், ஆனால் மேப் 1:4,000 அக்கா. ஒரு சென்டிமீட்டர் என்பது 40 மீட்டர். நீங்கள் ஓடும் வேகத்துக்கு 10 விநாடிதான். எலைட் போட்டியில் ஜெயிப்பவர் 12 முதல் 15 நிமிடத்தில் முடித்துவிடுவார், அதில் 20 விநாடித் தவறு என்பதே பெரிய இழப்பு. முக்கியமாக, மேப்பில் ஆலிவ் பச்சை நிறத்தில் இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. தாண்டக் கூடாத சுவர் தடித்த கறுப்புக் கோடாக இருக்கும். எட்டித் தாண்டும் உயரம்தானே என்று தாண்டினால் தகுதி நீக்கம். தரையில் பார்த்தால் எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருக்கும், மேப்பில் கோட்டின் தடிமனைத்தான் பார்க்க வேண்டும். போட்டி நடக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அறிவித்த பிறகு அங்கே போய் ஓடிப் பார்க்கக் கூடாது.

---

சிவப்புமுள்:

ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். 134 இருந்த பள்ளத்தின் மேல்முனையிலும் போய் நின்று, மேப்பை முள்ளோடு ஒட்டத் திருப்பி, சுற்றிலும் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அப்புறம் அங்கிருந்து 143 இருந்த இடத்துக்குச் சரிவின் குறுக்காகவே நடங்கள், உயரம் ஏறாமல் இறங்காமல். எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு போய் இங்கே எழுதுங்கள்.