முதல் உயிர் குட்டையிலா, கடலடியிலா?

உயர்தர மாணவி, கல்லடி: 1953இல் அமெரிக்க இரசாயனவியலாளர் மில்லர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறி பாய்ச்சி, புரதங்களின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்களைப் பெற்றார் என்று படித்தோம், அதற்கப்பால் உயிர் வரை சென்ற வழி எது, சேர்?

உயிரியல் ஆசிரியர், கல்முனை: அது இன்னும் தீராத வழக்கு, தங்கச்சி. மரபுத் தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.யே, சில புரதங்களைப் போல இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்தும் நொதியமாகவும் தொழிற்படும் என்று 1980களில் விஞ்ஞானிகள் செக்கும் ஆல்ட்மனும் காட்டியதால், புரதமா மரபுப்பொருளா முந்தியது என்ற சிக்கல் பெருமளவு தளர்ந்தது. ஆனால் ஆர்.என்.ஏ. நீரில் சிதையக்கூடியது என்பதால், நம் வாவிக்கரைச் சேறு போல நனைந்தும் காய்ந்தும் வந்த குட்டைகளிலேயே அதன் சங்கிலி நீண்டிருக்கும் என்பது ஒரு சாராரின் வாதம். எனக்கும் அதுவே ஏற்புடையது.

வாசகர், அக்கரைப்பற்று: உயிர் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் தோன்றியது என்ற மறுசாரார் கருத்தை அவ்வளவு விரைவில் தள்ளிவிட வேண்டாம், சேர். 2000இல் அத்திலாந்திக்கில் கண்டறியப்பட்ட 'லொஸ்ட் சிற்றி' போன்ற ஊற்றுகளின் காரநீருக்கும் அன்றைய அமிலக் கடலுக்கும் இடையே இருந்திருக்கக்கூடிய புரோத்தன் (ஐதரசன் அயன்) செறிவு வேறுபாடு, இன்றைய கலங்கள் சக்தி பெறும் முறையையே ஒத்திருக்கிறது.

ஆசிரியர்: சக்தி சரி, நீரிலேயே கிடந்து சங்கிலி எப்படி நீண்டது என்பதே என் தடை.